ஒழிமுறி: திருவிதாங்கூரில் மணவிலக்கு எங்கே, எவ்வாறு கோரப்பட்டது?

‘மணமுறிவு’ என்னும் சொல்லிலுள்ள ‘முறிவு’ உடைதலைக் குறிக்கிறது. தென் திருவிதாங்கூரின் ‘ஒழிமுறி’யில் உள்ள ‘முறி’ அதுவன்று. அது எழுதப்பட்ட ஆவணம். இலங்கைத் தமிழர் இன்றும் வழங்கும் ‘பிணைமுறி’யில் இருக்கும் அதே சொல். உறவு ஒழிந்ததென்று எழுதிக்கொள்ளும் ஏடுதான் ஒழிமுறி. ஜெயமோகன் எழுத, மதுபால் இயக்கிய 2012ஆம் ஆண்டு மலையாளத் திரைப்படம் இப்பெயரைப் பரவலாக்கியது. எனினும் தலைப்பைப் பலரும் ‘முறிவு’ என்றே பொருள்கொள்வதைக் காண்கிறேன். இந்த வேறுபாட்டிற்குள் ஒரு சட்ட வரலாறே அடங்கியிருக்கிறது.

மருமக்கள்தாய முறையில் நாயர்களின் சம்பந்த உறவை முடித்துக்கொள்ள நீதிமன்றம் தேவைப்படவில்லை. அரசு அதனைத் திருமணமாகவே ஏற்காதபோது மணவிலக்கை எங்கே கோருவது? ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சியில் 1912ஆம் ஆண்டு (கொல்லம் 1088) இயற்றப்பட்ட நாயர் ரெகுலேஷன் சம்பந்தத்தைச் சட்டப்படியான திருமணம் என்று ஏற்றது. மனைவி மக்களுக்கு ஜீவனாம்சமும் கணவனின் சுயார்ஜித சொத்தில் பாதியும் கிடைத்தன. சேது லட்சுமிபாய் ஆட்சிப்பொறுப்பில் இருந்த 1925இல் வந்த இரண்டாம் நாயர் ரெகுலேஷன் பலதார மணத்தைத் தடுத்தது. மணவுறவு முடிய மரணம் நீங்கலாக இரண்டே வழிகளை வைத்தது: இருவரும் உடன்பட்டுப் பதிவு செய்யும் ஆவணம், அல்லது நீதிமன்ற உத்தரவு. தறவாட்டுத் திண்ணையில் முடிந்த காரியம் பதிவாளர் அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ சென்றது.

அவ்வழிகள் எவ்வளவு எளியவை என்பதே வியப்பு. பிரிட்டிஷ் மலபாருக்கான 1932ஆம் ஆண்டு மதராஸ் மருமக்கத்தாயச் சட்டம் இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. கணவனோ மனைவியோ மனு அளிக்கலாம்; குற்றம் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. மனுவின் நகல் எதிர்தரப்புக்குச் சேர்ந்து ஆறு மாதம் கழிந்தபின்னும் மனு திரும்பப் பெறப்படாவிட்டால், மனுதாரர் கோரிக்கையின் பேரில் நீதிமன்றம் உறவை முடித்துவைக்கும். பிறன்மனை உறவு ஒன்றையே காரணமாகக் காட்டி மணவிலக்குக் கோரும் உரிமையை இங்கிலாந்து தன் பெண்களுக்கு வழங்கியது 1923இல்தான். குற்றம் சாட்டாத மணவிலக்கு அங்கே நடைமுறைக்கு வந்தது 2022இல். அதிலும் காத்திருப்புக்காலம் ஏறத்தாழ ஆறு மாதமே! நம் சட்டநூல்கள் இந்த ஒப்பீட்டைப் பேசுவதில்லை என்பது என் குறை.

ஆயினும் இதைப் பொற்காலமாகக் கொண்டாடுவோரோடு நான் உடன்படவில்லை. மலபாரில் பெரும்பாலும் பெண் தன் தறவாட்டிலேயே இருந்தாள், வந்துபோனவன் ஆண். உறவு முடிந்தாலும் அவள் கூரை மாறவில்லை. நாஞ்சில்நாட்டு வேளாளரிடமோ சொத்து மருமகன் வழியில் இறங்க, மனைவி கணவன் வீட்டில் வாழ்ந்தாள். அவன் இறந்தாலோ விலக்கினாலோ அவ்வீட்டில் அவள் அந்நியள். ‘உகந்துடைமை’, ‘நன்குடைமை’ என்ற பெயர்களில் மனைவி மக்களுக்கு வரையறுக்கப்பட்ட சிறு உரிமைகளே இருந்தன. அவற்றைப் பெறுவதற்கும் வழக்காட வேண்டியிருந்தது. திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, ‘மருமக்கள்வழி மான்மியத்தை’ ஒருவனின் ஐந்தாம் மனைவி கூறுவதாக அமைத்தது வெறும் நகைச்சுவைக்காக அன்று. நாஞ்சில்நாட்டு வேளாளர் ரெகுலேஷன் 1926இல் (கொல்லம் 1101) நிறைவேறியது.

1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் பிறன்மனை உறவில் வாழ்தல், மதமாற்றம் முதலிய காரணங்களை மெய்ப்பிக்கக் கோரியது. காரணம் கூறாமல் விலகும் உரிமையை முன்பே பெற்றிருந்த சமூகங்களுக்கு இது பின்னடைவு. அதனை உணர்ந்துதான் போலும், வழக்காறோ தனிச்சட்டமோ வழங்கிய மணவிலக்கு உரிமையை 29(2) பிரிவு பாதிக்காமல் விட்டது. உடன்பாட்டு மணவிலக்கு (13-பி) பொதுச் சட்டத்தில் நுழைந்தது 1976இல்.

எங்கே மனுச் செய்வது என்பதை 19ஆம் பிரிவு கூறுகிறது: திருமணம் நடந்த இடம், எதிர்தரப்பினர் வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம். எதிர்தரப்பினர் வெளிநாட்டிலிருந்தால், அல்லது ஏழாண்டுகளாக அவர் உயிரோடிருப்பதாகத் தகவலே இல்லையென்றால், மனுதாரர் வசிக்கும் இடத்திலேயே தொடரலாம். வளைகுடா நாடுகளுக்குப் பெயர்ந்த கேரளக் குடும்பங்களுக்கு இவ்விதி ஏட்டளவிலானதன்று. மூலப்பட்டியலில் இல்லாதது, தாய்வீடு திரும்பிய மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கும் உரிமை. கணவன் உள்நாட்டிலேயே இருந்தால், நாகர்கோவிலில் மணந்து சென்னையில் வாழ்ந்து திருவனந்தபுரத்திலுள்ள பெற்றோரிடம் திரும்பியவள், முன்னிரு ஊர்களில் ஒன்றுக்கோ அவன் இருக்கும் ஊருக்கோ அலைய வேண்டியிருந்தது. அந்த உரிமை 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி குடும்ப நீதிமன்றம் அமைந்த பகுதிகளில் மனு அங்கேயே செல்லும்.

‘மனைவி எங்கே வசிக்கிறாள்?’ என்னும் கேள்வி, தன் தறவாட்டை விட்டு நீங்காத பெண்ணிடம் எழ வாய்ப்பே இல்லை. நாஞ்சில்நாட்டுப் பெண்ணிடம் அது எழுந்தது. சட்டத்தில் விடை கிடைத்தபோது அவள் ஊர் தமிழ்நாட்டோடு இணைந்து 47 ஆண்டுகள் ஆகியிருந்தன.