மூச்சை நோக்கும் தியானம்: ஒரு வரலாற்று நோக்கு

தியானம் பழக விரும்பும் இளைஞர் இன்று முதலிற் கேட்கும் வினா, "மூச்சைக் கவனிப்பது எப்படி?" என்பதாகும். அதைக் கேட்கும் பெரியோர் சிலர், "இது பௌத்தருடைய முறையல்லவா, நமக்கெதற்கு?" என்கின்றனர். இளைஞர் சிலரோ இதனை மேல்நாட்டார் கண்ட புதுமையென்று எண்ணுகின்றனர். இவ்விரு கருத்துக்களும் எவ்வளவு பொருந்துவன என்பதை வரலாறு கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாந்தோக்கிய உபநிடதத்தில் ஒரு கதை உண்டு. வாக்கும் கண்ணும் செவியும் மனமும் பிராணனும் தம்முள் பெரியவர் யார் என்று வாதிட்டன. ஒவ்வொன்றாய் ஓராண்டு உடலை விட்டு நீங்கிப் பார்த்தன. வாக்கு நீங்கியபோது உடல் ஊமையாய் வாழ்ந்தது; கண் நீங்கியபோது குருடாய் வாழ்ந்தது; செவி நீங்கியபோது செவிடாய் வாழ்ந்தது; மனம் நீங்கியபோது குழந்தைபோல வாழ்ந்தது. ஈற்றிலே பிராணன் புறப்பட எழுந்தது. நல்ல குதிரை தன்னைக் கட்டிய முளைகளைப் பிடுங்குவது போல, ஏனையவற்றையும் அது பிடுங்கலாயிற்று. அப்போதே அவை அதன் தலைமையை ஒப்புக்கொண்டன. மூச்சின் பெருமையை நம் முன்னோர் எத்துணைப் பழங்காலத்தே உணர்ந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

அவ்வுணர்விலிருந்து இரு நெறிகள் கிளைத்தன. ஒன்று மூச்சை அடக்கும் நெறி. மற்றொன்று மூச்சை நோக்கும் நெறி. இவ்வேறுபாட்டைத் தெளிந்து கொள்ளாமையே இன்றைய மயக்கங்கள் பலவற்றுக்குக் காரணம் எனலாம்.

அடக்கும் நெறிக்குப் பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம் முதன்மையான நூல். யோகத்தின் எட்டு உறுப்புக்களில் நான்காவதாக அவர் வைத்தது பிராணாயாமம். உட்செல்லும் மூச்சினதும் வெளிவரும் மூச்சினதும் ஓட்டத்தை நிறுத்துதலே அதன் இலக்கணம். இயமம், நியமம், ஆசனம் ஆகிய மூன்றும் அதற்கு முன்னே நிற்றல் கவனிக்கத்தக்கது. ஒழுக்கமும் இருக்கையும் அமையாதவன் மூச்சை அடக்க முயலல் ஆகாது என்பது இதனாற் பெறப்படும். 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை இன்னும் வெளிப்படையாக எச்சரிக்கின்றது. சிங்கத்தையும் யானையையும் புலியையும் மெல்ல மெல்லப் பழக்குவதுபோல மூச்சையும் பழக்குதல் வேண்டும். தவறினால் அது பழகுவோனையே கொல்லும் என்பது அந்நூலின் கூற்று.

நோக்கும் நெறியை விரித்துரைத்தவர் புத்தர் பெருமான். மச்சிம நிகாயத்தின் 118ஆவது சூத்திரமாகிய ஆனாபானசதி சூத்திரம், காட்டிலோ மரத்தடியிலோ வெற்றிடத்திலோ அமர்ந்து மூச்சை அறியும் முறையைப் பதினாறு படிகளிற் கூறுகின்றது. தொடக்கத்தில் மூச்சை மாற்றும்படி அது சொல்லவில்லை. நெடிய மூச்சை நெடிதென்றும் குறிய மூச்சைக் குறிதென்றும் அறிதலே முதற்பாடம்.

இம்முறைக்குத் தெளிவான பயிற்சி நூல் எழுந்தது நமது இலங்கையிலேயே. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையிலிருந்து புத்தகோசர் விசுத்திமக்கம் என்னும் பெருநூலை இயற்றினார். இவர் காஞ்சிபுரத்திலே தங்கியிருந்ததைத் தம் உரையொன்றிற் குறித்திருப்பது தமிழராகிய நாம் அறியவேண்டிய செய்தி. தொடக்கநிலையார் மூச்சை எண்ணுக என்பது அவர் காட்டும் வழி. எண்ணிக்கை ஐந்துக்குக் குறைதலும் ஆகாது, பத்துக்கு மேற்படலும் ஆகாது. இடையில் ஓரெண்ணும் தவறலாகாது. முதலில் தானியம் அளப்பவன் எண்ணுவது போல மெதுவாக எண்ணுதல் வேண்டும். பழகியபின் பட்டியிலிருந்து வெளிவரும் மாடுகளை ஆயன் எண்ணுவது போல விரைந்து எண்ணலாம். வயலும் மாடும் அறிந்த நம்மவர்க்கு இவ்வுவமைகள் விளக்கம் வேண்டாதன.

இனி நமது சைவ மரபுக்கு வருவோம். பத்தாந் திருமுறையாகிய திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திலே திருமூலர் அட்டாங்க யோகத்தைப் பாடியுள்ளார். பூரகம் 16 மாத்திரை, கும்பகம் 64, இரேசகம் 32 என்ற அளவை அங்கே காணலாம். மூச்சை அவரும் குதிரையாகவே காண்கின்றார். அறிந்தவர்க்கு அது அடங்கும், அறியாதவரை வீழ்த்தும்.

அப்படியாயின் நோக்கும் நெறி நம்மிடம் இல்லையோ எனின், உண்டு. அதன் பெயர் அசபை. செபியாமலே செபமாய் நிகழும் மூச்சே அசபை. அதனை உணர்ந்திருத்தலே அதன் சாதனை. மனிதன் நாளொன்றுக்கு 21,600 முறை மூச்சு விடுகின்றான் என்று யோக நூலார் கணக்கிட்டனர். நாழிகைக்கு 360, நிமிடத்துக்கு 15 ஆகும். வாளாவிருக்கும் வளர்ந்தோர்க்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை என்னும் இக்கால மருத்துவர் கணக்கு அதனோடு ஒத்து நிற்கின்றது. சிதம்பரத்துப் பொற்கூரையில் 21,600 ஓடுகள் வேயப்பட்டமை இம்மூச்சுக்களைக் குறிக்கும் என்பது மரபு. திருவாரூரிலோ, தியாகேசப் பெருமான் திருமாலின் மார்பிலிருந்து அவர் மூச்சின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப ஆடியது அசபா நடனம் எனப் போற்றப்படுகின்றது. திருவிழாவிற் கண்டு கைகூப்பும் அந்நடனத்தின் பொருளைத் தன் மூச்சிலே காண்பவன் எந்த அயல்நெறியையும் கடன் வாங்கியவனாகான்.

அண்மைக் காலத்தில் இக்கலை துறவியரிடமிருந்து இல்லறத்தார்க்கும் வந்தது. சுவாமி விவேகானந்தரின் இராஜயோகம் 1896இல் வெளிவந்தது; அடுத்த ஆண்டு தை மாதத்தில் அவர் கொழும்பிலே வந்திறங்கி யாழ்ப்பாணமும் சென்றார். பர்மாவில் லெடி சயாதோ (1846–1923) பொதுமக்களுக்கும் தியானம் போதித்தார். அம்மரபில் வந்தவர் அரசாங்கக் கணக்காளராகப் பணியாற்றிய ஊ பா கின். அவரிடம் பயின்ற கோயங்கா (1924–2013), மண்டலேயில் வாழ்ந்த இந்திய வணிகரின் இந்துக் குடும்பத்திற் பிறந்தவர். 1969இல் இந்தியா வந்து அவர் தொடங்கிய பத்து நாட் பயிற்சியில் முதல் மூன்று நாட்களும் மூச்சை நோக்குதலே பாடம். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் 1979இல் இது மனவழுத்தம் தணிக்கும் பயிற்சியாயிற்று. மேல்நாட்டுப் புதுமை எனப்படுவது இங்கிருந்து போய்த் திரும்பியதே.

இவ்வரலாறு தொடக்கநிலையார்க்குக் கற்பிப்பது யாது? புத்தகத்தைப் பார்த்துக் கும்பகம் கட்டத் துணியாதீர்கள். அது குருமுகமாகக் கற்கவேண்டியது. இருதய நோயும் தொய்வும் உள்ளோர்க்கு அது தீங்காகவும் முடியும். நோக்குதலிலிருந்தே தொடங்குங்கள். காலையிலே பத்து நிமிடம் முதுகு நிமிர்ந்து அமருங்கள். நாசித்துவாரத்தில் மூச்சு வந்து தீண்டுமிடத்திற் கருத்தை நிறுத்துங்கள். ஐந்து முதல் பத்துவரை எண்ணுங்கள். மனம் ஓடினால் வருந்தாது மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மூச்சை இழுக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம்.

முதியோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கண்மூடி அமர்ந்திருக்கக் கண்டால் அது யாருடைய முறை என்று வினவற்க. அநுராதபுரத்து மடத்திலும் ஆரூர்க் கோயிலிலும் அறியப்பட்ட மூச்சு ஒன்றே. அருகே ஒரு பாயை விரித்து நீங்களும் அமருங்கள்.