சான்று கேட்ட இயற்பியலறிஞர்

ஒரு விஞ்ஞானி புதிய முடிவொன்றை வெளியிட்டால், "சான்று எங்கே?" என்பதே நாம் கேட்கும் முதற் கேள்வி. இதே கேள்வியைத் தம் அரசாங்கத்திடம் கேட்டதற்காக ஒன்பதரை ஆண்டுகளுக்கு மேல் சிறையிலும் தொலைதூரக் குடியிருப்பிலும் வாடியவர் சோவியத் இயற்பியலறிஞர் யூரி ஓர்லோவ்.

1924-இல் பிறந்த ஓர்லோவ், இரண்டாம் உலகப் போரின்போது டாங்கித் தொழிற்சாலையில் கடைசல் தொழிலாளியாக இருந்தார். போருக்குப் பின் மாஸ்கோவில் இயற்பியல் பயின்று, துகள் முடுக்கிகளில் வல்லுநரானார். முடுக்கியின் வளையத்தில் மின்னூட்டத் துகள்கள் ஆயிரக்கணக்கான முறை சுற்றி வருகின்றன. காந்தப் புலத்தில் சிறு பிழை இருப்பினும், அது சுற்றுதோறும் பெருகித் துகள்களைச் சுவரில் மோதச் செய்யக் கூடும். அத்தகைய பிழைகளைக் கணக்கிட்டுத் துகள் கற்றையை நிலைநிறுத்துவது எப்படி என்பதே அவருடைய ஆராய்ச்சி.

பறிபோன வேலை

1956-இல் ஸ்டாலின் காலக் கொடுமைகளைக் குருஷ்சேவ் கட்சி மாநாட்டில் வெளிப்படுத்தினார். அதையொட்டித் தம் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த கூட்டத்தில், நாட்டுக்கு ஜனநாயகம் தேவை என ஓர்லோவ் பேசினார். வேலை போயிற்று, கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார். ஆர்மேனியா அவருக்கு இடமளித்தது. ஏரெவான் நகரின் எலெக்ட்ரான் முடுக்கிப் பணியில் ஈடுபட்ட அவரை, ஆர்மேனிய அறிவியல் கழகம் 1968-இல் உறுப்பினராக ஏற்றது. பின்னர் மாஸ்கோ திரும்பினார். 1973-இல் விஞ்ஞானி சகாரோவை ஆதரித்துக் கடிதம் எழுதியதால் மீண்டும் வேலையிழந்தார்.

குழுவும் வழக்கும்

மனித உரிமைகளை மதிப்போம் என்ற வாக்குறுதியும் அடங்கிய ஹெல்சிங்கி உடன்படிக்கையில், 1975 ஆகஸ்டில் சோவியத் யூனியன் உட்பட 35 நாடுகள் கையெழுத்திட்டன. அவ்வாக்குறுதி காக்கப்படுகிறதா என்று கண்காணிக்க, 1976 மே மாதம் ஓர்லோவ் மாஸ்கோ ஹெல்சிங்கிக் குழுவை நிறுவினார். சிறைக் கைதிகளின் நிலை, சமய நம்பிக்கைக்காகத் துன்புற்றோர், பிரிந்து வாழ நேர்ந்த குடும்பங்கள் ஆகியவை பற்றிய செய்திகளைத் திரட்டி, உடன்படிக்கை நாடுகளுக்கு அக்குழு அறிக்கைகள் அனுப்பியது.

1977 பிப்ரவரியில் அவர் கைதானார். 1978 மே மாதம் நான்கே நாட்களில் விசாரணை முடிந்தது. சகாரோவ் நீதிமன்றத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. குழுவின் அறிக்கைகள் அவதூறானவை என்றது அரசுத் தரப்பு. அவை உண்மை எனக் காட்ட ஓர்லோவ் கோரிய சாட்சிகளோ அழைக்கப்படவில்லை. சோதிக்க இடந்தராமலே பொய்யெனத் தள்ளுவது விஞ்ஞானத்துக்கும் நீதிக்கும் ஒருங்கே மாறானதன்றோ? ஏழாண்டு கடுங்காவல் முகாம் வாழ்வும், அதன்பின் ஐந்தாண்டு தொலைதூரக் குடியிருப்பும் தண்டனையாக விதிக்கப்பட்டன.

பெர்ம் பகுதி முகாமில் அவருடைய ஆராய்ச்சிக் குறிப்புகள் பறிமுதலாயின. அப்படியும் அவர் எழுதுவதை விடவில்லை. வெளிநாட்டு விஞ்ஞானிகளும் வாளாவிருக்கவில்லை. அமெரிக்காவின் பெர்க்லியில் அவருக்காகக் குழு தோன்றியது. சோவியத் நாட்டுடன் விஞ்ஞான ஒத்துழைப்பை நிறுத்தி வைப்பதாக ஆயிரக்கணக்கானோர் உறுதி பூண்டனர்.

விடுதலை

1984-இல் சைபீரியாவின் யாகூத்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஓர்லோவ், 1986 அக்டோபரில் அமெரிக்காவுடன் நடந்த கைதிகள் பரிமாற்றத்தின் வழியாக விடுதலை பெற்றார். ஆனால் குடியுரிமை பறிக்கப்பட்டு நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். மியூவான் துகளின் காந்தப் பண்பை நுட்பமாக அளக்கும் புரூக்ஹேவன் சோதனையில் பங்கு கொண்டார். 1990-இல் குடியுரிமை திரும்பக் கிடைத்தது. இழந்த ஆராய்ச்சி ஆண்டுகளை யார் திருப்பித் தர முடியும்? 2020-இல் அவர் காலமானார்.

அவர் நிறுவிய குழு, அடக்குமுறையால் 1982-இல் கலைந்து 1989-இல் மீண்டும் எழுந்தது. 2023 ஜனவரியில் மாஸ்கோ நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. ஆயினும் அதன் முன்மாதிரியைப் பின்பற்றி 1978-இல் நியூயார்க்கில் தோன்றிய ஹெல்சிங்கிக் கண்காணிப்புக் குழு, இன்று மனித உரிமைக் கண்காணிப்பகம் என்னும் உலக அமைப்பாக வளர்ந்துள்ளது. ஆட்சியாளரின் சொல்லையும் சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்னும் ஓர்லோவின் வழிமுறை, அதன் அறிக்கைகளில் தொடர்கிறது.