‘நாடு’ என்றொரு வழக்கு

சிவகாசிப் பக்கம் ‘நாட்டு வெடி’ என்றால் யாரும் தேசத்தை நினைப்பதில்லை. வானத்தில் விரியும் ஃபேன்சி ரகங்கள் எத்தனை வந்தாலும், சணல் சுற்றிய உருண்டைதான் நாட்டு வெடி. நாட்டுக்கோழி, நாட்டு மருந்துக்கடை எல்லாம் அப்படித்தான். நம்ம பக்கத்துச் சரக்கு என்று பொருள். சோழர் கல்வெட்டுகளிலும் நாடு சிறியதே. சில ஊர்கள் சேர்ந்தால் நாடு, பல நாடுகள் சேர்ந்தால் வளநாடு, அதற்கும் மேலே மண்டலம். செட்டிநாடு என்னும்போது இன்றும் அந்தப் பழைய அளவில்தான் பேசுகிறோம்.

தமிழோடு சேர்ந்தபோது மட்டும் சொல் பெருத்துவிட்டது. ‘தமிழ்நாடு’ சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்திலேயே உண்டு. 1920-ல் காங்கிரஸ் தன் கமிட்டிகளை மொழிவாரியாகப் பிரித்தபோது இங்கே அமைந்ததும் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டிதான். 1940-ல் அதன் தலைவரானவர் விருதுநகர்க்காரரான காமராஜர். அரசாங்கத்துக்கு மட்டும் வேறு பெயர்: வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாணம், குடியரசான பிறகு சென்னை ராஜ்யம். கட்சிக்குப் பொருந்திய பெயர் அரசுக்கு ஏன் ஆகாமல் போயிற்று?

இந்தக் கேள்வியோடு 1956 ஜூலை 27 அன்று விருதுநகர் தேசபந்து மைதானத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார் சங்கரலிங்கனார். பழைய காங்கிரஸ்காரர், காந்தியின் தண்டி யாத்திரையில் நடந்தவர். கோரிக்கைகள் பன்னிரண்டு, இந்தியா முழுக்க மதுவிலக்கு அவற்றில் ஒன்று, பெயர் மாற்றம் இன்னொன்று. ஊர் நினைவில் வைத்திருப்பது பெயரை மட்டும்தான். அப்போது முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவரும் அதே ஊர்க்காரரான காமராஜரே. விருதுபட்டி என்ற தன் பெயரை 1923-லேயே விருதுநகர் என்று மாற்றிக்கொண்ட ஊர் அது! அக்டோபர் 13 அன்று மதுரை மருத்துவமனையில் சங்கரலிங்கனாரின் உயிர் பிரிந்தது. பத்தொன்பதே நாளில், நவம்பர் 1 அன்று, மலபாரும் தென்கன்னடமும் பிரிந்து போயின. ஏறக்குறைய தமிழர் நிலம் மட்டுமே மிஞ்சிய பிறகும் பெயர் மெட்ராஸ் ஸ்டேட்தான்.

1961-ல் ஒரு சமரசம் செய்தார்கள்: தமிழில் எழுதினால் தமிழ்நாடு, ஆங்கிலத்தில் எழுதினால் மெட்ராஸ். எனக்கு இது சமாளிப்பாகவே படுகிறது. 1967 ஜூலை 18 அன்று அண்ணா கொண்டுவந்த தீர்மானம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. 1969 ஜனவரி 14, பொங்கலன்று நடைமுறைக்கு வந்தது.

ஆங்கில எழுத்தில் மீதமிருந்தது கடைசி உகரம். ‘நாடு’ என்பதில் வருவது குற்றியலுகரம். அரை மாத்திரைதான் ஒலிக்கும். அது ஆங்கிலக் காதில் விழாததாலோ என்னவோ, ‘தமிழ்நாட்’ என்று வெட்டி எழுதும் பழக்கம் வெகுநாள் இருந்தது. அண்ணா உகரத்தை விடவில்லை. ஆனால் 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி, 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாகப் பெயர் மாறிய நிறுவனம் அதற்கு முந்தியது. அதன் ஆங்கிலப் பெயரில் இன்றும் அந்த உகரம் இல்லை.