குதிரைத்திறன் மட்டும் போதுமா?



போன வாரம் வண்ணாரப்பேட்டையில் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். நண்பன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ்.

"ஏல, 700 குதிரைத்திறன்ல! இதை அடிக்க எவன் இருக்கான்?"

அவன் வீட்டில் இருப்பது ஒரு பழைய டிவிஎஸ் 50. அதை விடுங்கள். நான் படிப்பது பி.காம். ஒரு எண்ணை மட்டும் தனியாகக் காட்டினால் எனக்கு நம்பிக்கை வராது, பக்கத்தில் இன்னொரு எண் வேண்டும். தேடினேன்.

ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்று ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. ஒரு சுற்று 20 கிலோமீட்டருக்கு மேல். உலகத்தின் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கெல்லாம் அதுதான் பரீட்சை ஹால். 585 குதிரைத்திறன் கொண்ட மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி ஆர் அங்கே ஒரு சுற்றை 7 நிமிடம் 10.9 வினாடியில் முடித்தது. நண்பனின் போர்ஷே 2017ல் எடுத்துக்கொண்டது 6 நிமிடம் 47.3 வினாடி. கணக்குப் போட்டால் திறன் கிட்டத்தட்ட 20 சதவீதம் அதிகம், நேரம் குறைந்தது 5.5 சதவீதம்தான். அதிலும் டயர், இறக்கை, ஓட்டியவர், ஓட்டிய நாள் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு.

மீதித் திறன் எங்கே போனது? வளைவில்! வேகம் இரண்டு மடங்கானால், காரை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரை நேர் வீதியில் ஆயிரம் பேர் இழுத்துவிடலாம். முக்கு திரும்பும்போது வேலை முட்டுக்கட்டை போடுபவர் கையில்தான்.

இனி நம் மாநிலத்துக் கதைக்கு வருகிறேன்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயங்களை நடத்தியது. விமானத்துக்காகப் போட்ட நீளமான நேர்ப்பாதை என்பதால் பெரிய எஞ்சினுக்குக் கொண்டாட்டம். 1980களில் விஜய் மல்லையா அங்கே என்சைன் என்ற வெளிநாட்டுப் பந்தயக் காரை ஓட்டினார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு காரை இறக்குமதி செய்ய உரிமமும் வேண்டும், கனத்த சுங்க வரியும் கட்ட வேண்டும். பக்கத்தில் நிற்பது ஃபியட்டில் வந்தவர் என்றால், அங்கே ஒப்பிடப்படுவது ஓட்டும் திறமையா, பர்ஸின் கனமா?

இதற்குக் கோயம்புத்தூரில் ஒருவர் விடை கண்டுபிடித்தார். பெயர் எஸ். கரிவரதன். நம் தெருவில் ஓடிய மாருதி 800ன் 796 சிசி எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே எஞ்சின். 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டரில், 12 வளைவுகளோடு நிரந்தரத் தடமும் வந்தது. கார்கள் சமமாக, பாதை வளைவாக ஆனபோதுதான் ஓட்டுபவர் யார் என்பது வெளியே தெரிந்தது.

ஃபார்முலா மாருதியில் தன் முதல் பந்தயத்தை ஓட்டி மேடை ஏறிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன். 1996ல் ஃபார்முலா ஆசியா பட்டம் வென்றார். 2005ல் ஜோர்டான் அணியில் சேர்ந்து, ஃபார்முலா 1ல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

இங்கேதான் என் கணக்குக்குச் சரியான சாட்சி கிடைத்தது. அந்த ஆண்டு ஜோர்டான் காரில் இருந்தது டொயோட்டாவின் பத்து சிலிண்டர் எஞ்சின். டொயோட்டாவின் சொந்த அணிக்கும் டொயோட்டா எஞ்சின்தான். ஆண்டு முடிவில் டொயோட்டா அணி 88 புள்ளி, ஜோர்டான் 12 புள்ளி! காரின் உடலமைப்பும், செலவழிக்கும் பணமும், காற்றுச் சுரங்கச் சோதனைகளும் மீதியைத் தீர்மானித்தன.

அந்த 12லும் 11 புள்ளி ஒரே நாளில் வந்தது. 2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸ். அங்கே சாய்வான கடைசி வளைவை மிஷெலின் டயர்கள் தாங்கும் என்று உறுதி தர முடியவில்லை. அந்த டயர் போட்ட 14 கார்களும் பந்தயம் தொடங்கும் முன்பே விலகிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறே கார்கள் ஓடின. நரேனுக்கு நான்காம் இடம், 5 புள்ளி. டயர் வளைவைத் தாங்காவிட்டால் எத்தனை குதிரை இருந்து என்ன?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நரேனும் ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல, அவர் அப்பாவே ராலி சாம்பியன். கரிவரதன் 1995ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அம்பாசமுத்திரத்திலோ சேரன்மகாதேவியிலோ இருக்கும் ஒரு பையன் அங்கே போய் ஓட்டிப் பார்க்க இன்னும் காசு வேண்டும். கரிவரதன் ஏணியின் முதல் படியைத்தான் கொஞ்சம் தாழ்த்தி வைத்தார். ஆனால் அந்தப் படி இல்லாமல் நம் ஊர்ப் பெயர் எதுவும் மேலே போயிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இவ்வளவையும் நண்பனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு செல்போனைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னான்:

"சரில, அப்போ நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே காரைக் குடுக்கச் சொல்லு. அப்புறம் பாப்போம்."

இதைத்தானே கரிவரதனும் சொன்னார்!