ஊக்ளிக் கரையில் டேனியர் நகர்: செராம்பூரின் வரலாறும் இயல்பும்

ஊக்ளியாற்றின் மேல்கரையில், கல்கத்தாவுக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த செராம்பூரைத் தமிழறிஞர் பலரும் வில்லியம் கேரியின் பெயரோடு சேர்த்தே அறிவர். இந்திய அச்சுக்கலையின் வரலாறு எழுதப் புகுவோர் தரங்கம்பாடியை முன்னும் செராம்பூரைப் பின்னுமாக வைத்துப் பேசுதல் வழக்கு. ஆயின் இவ்விரண்டு ஊர்களும் ஒரே கொடியின்கீழ் இருந்தன என்பதும், செராம்பூர்த் தலைவர் தரங்கம்பாடி ஆட்சிக்கு அடங்கியவராகவே இருந்தார் என்பதும், ஈற்றில் ஒரே உடன்படிக்கையால் இரண்டும் விலைப்பட்டன என்பதும் போதிய அளவு நினைக்கப்படுவதில்லை. 1755 முதல் 1845 வரை தொண்ணூறு ஆண்டுகள் ஒரு சிற்றரசின் கையில் இருந்த இவ்வூர், அக்காலத்து வங்காளத்தின் பேரூர்கள் செய்யாத சிலவற்றைச் செய்தது எங்ஙனம் என்பதே யாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள். கேரியின் பெருமையை அளவிடுவது எம் நோக்கமன்று. அவர் வந்து சேர்வதற்குமுன் அவ்வூர் எவ்வகைப்பட்டதாய் இருந்தது என்பதே எமக்கு முதன்மையான வினா.

டேனியர் வருமுன்பே அப்பகுதி ஊராகத்தான் இருந்தது. சிரீபூர், ஆக்னா முதலிய சிற்றூர்கள் ஆற்றோரம் அடுத்தடுத்து இருந்தன. சியாராபுலி அரசர் மரபினர் எடுப்பித்த இராமசீதை கோயில் ஒன்று சிரீபூரில் இருந்தது. ஸ்ரீராம்பூர் என்று வங்காளிகள் இன்றும் வழங்கும் பெயர் அக்கோயிலின் தொடர்பால் வந்தது என்பார் ஒருசாரார். சிரீபூரின் திரிபே என்பார் பிறர். அருகே மகேசத்தில் சகந்நாதர் தேர்விழா 1396 முதல் நடைபெற்று வருவதாக மரபு கூறும். பூரியை அடுத்துப் பழமை வாய்ந்தது என வங்காளத்தார் போற்றும் அவ்விழாவில் இன்று ஓடுவது 1885இல் செய்த இரும்புத்தேர். ஆகவே ஐரோப்பியர் வெற்றுநிலத்தில் ஒரு நகரை எழுப்பினர் என்னும் கூற்று இவ்வூருக்குப் பொருந்தாது. வைணவக் கோயில்களும் நெசவுக் குடிகளும் உடைய ஆற்றங்கரையில் அவர்கள் ஒரு துண்டு நிலம் பெற்றார்கள் என்பதே உண்மை.

டேனியர் 1698இலேயே சந்திரநகருக்கு அருகில் கோந்தல்பாடாவில் ஒரு பண்டகசாலை அமைத்து, 1714இல் அதனைக் கைவிட்டுச் சென்றனர். மீண்டும் 1755இல் நவாபு அலிவர்திகானிடம் உரிமை பெற்றுச் சிரீபூரில் ஆற்றோரமாக மிகச் சிறிய இடத்தையும், ஆக்னாவில் சற்று விரிந்த நிலத்தையும் பெற்றனர். தம் அரசர் ஐந்தாம் பிரடெரிக்கின் பெயரால் பிரடெரிக்சுநகர் என அதற்குப் பெயரிட்டனர். மறு ஆண்டே சிராசு உத்தௌலா ஆங்கிலேயர்மேற் படையெடுத்துச் செல்கையில் டேனியரின் துணையைக் கேட்டார். குதிரையும் இல்லை, காலாளும் இல்லை, பீரங்கியும் இல்லை. மண்வீடு ஒன்றில் சில ஏவலாளரோடு இருக்கிறேன் என்று டேனியத் தலைவர் விடை எழுதினாராம். இவ்விடையைச் சிறு நகைச்சுவையாகக் கடந்து செல்லுதல் தகாது. அண்டை அயலார்க்கு அச்சம் தராத வலியின்மையே பின்னர் அவ்வூரின் முதலாக அமைந்தது என்பதை மேல்வரும் செய்திகள் காட்டும்.

அமெரிக்க விடுதலைப் போரிலும், 1793க்குப் பின் நிகழ்ந்த பிரெஞ்சுப் போர்களிலும் ஆங்கிலக் கப்பல்கள் கடலில் எதிரிகளால் பிடிக்கப்பட்டன; காப்பீட்டுக் கட்டணம் மிக உயர்ந்தது. நடுநிலை நாடான டென்மார்க்கின் கொடி பறந்த கலங்களுக்கு அவ்வச்சம் குறைவு. மேலும், கம்பெனியின் ஊழியர் முறையாலும் முறையின்றியும் ஈட்டிய பெரும்பொருளைத் தாயகத்துக்கு அனுப்பும் வழியறியாது தவித்தனர். தம் பணத்தைச் செராம்பூரில் டேனியரிடம் கொடுத்தால், அவர்கள் அதைக்கொண்டு வங்காளத் துணி வாங்கிக் கோபன்கேகனில் விற்று, ஐரோப்பாவில் மாற்றுமுறி வழியே திருப்பித் தருவர். ஆகவே டேனிய வாணிகம் எனப்பட்டதன் முதலில் பெரும்பகுதி ஆங்கிலேயருடையதாகவே இருந்தது. கம்பெனியின் தனியுரிமையைக் கம்பெனியின் ஊழியரே எதிர்க்கரையில் நின்று அரித்தனர் என்க. ஒன்பது திங்களில் 22 கப்பல்கள் இச்சிறு துறையினின்று புறப்பட்ட காலமும் உண்டு.

பொருள்மட்டும் ஆற்றைக் கடக்கவில்லை, ஆட்களும் கடந்தனர். கல்கத்தாவில் கடன்பட்டு முறிந்தவர்கள் இரவோடிரவாகப் படகேறிச் செராம்பூர் வந்து சேர்ந்தால் ஆங்கில நீதிமன்றத்தின் கை அவர்களை எட்டாது. 1786இல் ஆற்றோரம் ஓர் ஆங்கிலேயர் தொடங்கிய விடுதிக்கு வாடிக்கையாளர் குறைவிருந்திராது என எண்ணலாம். ஆளுநர் ஓலே பீ 1776 முதல் 1805இல் மறையும்வரை, சிறு இடைவெளிகள் நீங்கலாக, இவ்வூரை ஆண்டவர். அவர் தொடங்கிய புனித ஓலாவ் கோயில் அவர் மறைவுக்குப்பின் 1806இல் முடிவுற்றது. அதன் கோபுரத்துக்கு எதிர்க்கரையில் பாரக்பூரில் மாளிகை கொண்டிருந்த ஆங்கிலத் தலைமை ஆளுநர் வெல்லெசுலியும் பொருளுதவி செய்தார். தம் பூங்காவிலிருந்து நோக்குவார்க்கு அக்கோபுரம் அழகிய காட்சியாக அமைந்தது. அக்கரைக்காரர்க்கு இவ்வூர் ஒருபால் கண்ணுக்கு இன்பமும் ஒருபால் கருத்துக்கு எரிச்சலுமாக இருந்தது.

இத்தகைய ஊருக்கே 1799 அக்டோபர் 13ஆம் நாள் ஓர் அமெரிக்கக் கப்பலில் மார்ஷ்மன், வார்டு முதலிய பாப்திசுது ஊழியர்கள் வந்திறங்கினர். கம்பெனியின் இசைவு பெறாத ஐரோப்பியர் அதன் எல்லையில் தங்குதல் அன்று கூடாது. அவ்வாண்டிலேயே வெல்லெசுலி செய்தித்தாள்களுக்குத் தணிக்கையும் விதித்திருந்தார். ஆங்கிலேயர் இவர்களைத் திருப்பியனுப்ப முயன்றபொழுது ஓலே பீ இணங்கவில்லை. அவர் தரங்கம்பாடியில் பணியாற்றிய காலத்தில் சுவார்ட்சு ஐயருடன் பழகியவர் என்று மிஷன் வரலாற்றாசிரியர் குறிப்பர். வடவங்காளத்தில் அவுரித் தொழிற்சாலை ஒன்றை மேற்பார்த்துவந்த கேரி 1800 சனவரி 10ஆம் நாள் இவர்களோடு வந்து சேர்ந்தார். கடனாளியைக் காத்த அதே எல்லைக்கோடுதான் அச்சகத்தையும் காத்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சிலர்க்கு உவப்பாயிராது. ஆயினும் உண்மை அதுவே.

அச்சகத்தின் பணியைப் பற்றிப் பிறர் விரிவாக எழுதியுள்ளனர். 1801இல் வங்காளப் புதிய ஏற்பாடு. அவ்வாண்டிலேயே ராம்ராம் பாசு எழுதிய பிரதாபாதித்தன் வரலாறு. அதன்பின் கிருத்திவாசரின் இராமாயணமும் காசிராமரின் பாரதமும். 1818இல் சமாசார தர்ப்பணம் என்னும் வங்காள வார இதழ். 1832 வரையில் ஏறத்தாழ 40 மொழிகளில் 2,12,000 படிகள். இவ்வெண்களைச் சொல்லுவோர் பெரும்பாலும் மூன்று ஆங்கிலேயரின் பெயரை மட்டும் சொல்லி அமைவர். எழுத்தை வெட்டியவர் யார் என்பது அடிக்குறிப்பில் ஒதுங்கிவிடுகிறது.

வங்காள அச்செழுத்தை முதலில் உருவாக்கியவர் சார்லசு வில்கின்சு. அவருக்குத் துணைநின்று தொழில் கற்றவர் கொல்லர் குலத்துப் பஞ்சானன கர்மகார். இருவர் உழைப்பால் 1778இல் அதே ஆற்றங்கரையில் ஊக்ளி நகரில் ஆல்கெடின் வங்காள இலக்கணம் வெளிவந்தது. எஃகுக் கம்பியின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, அதனைச் செம்பில் அறைந்து குழியாக்கி, அக்குழியில் ஈயக்கலவையை வார்த்தல் அத்தொழிலின் முறை. கூட்டெழுத்து மிகுந்த வங்காளத்துக்கும் நாகரிக்கும் இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பஞ்சானனர் செராம்பூர் வந்து நாகரி எழுத்துகளையும் தொடங்கி வைத்துச் சில ஆண்டுகளில் மறைந்தார். அவர் மருமகன் மனோகர் நாற்பதாண்டுபோல அத்தொழிலை நடத்திப் பல மொழிகளுக்கு எழுத்துச் செய்தார். அங்குச் சீன எழுத்துகளும் உலோகத்தில் உருவாயின. 1839இல் அங்குச் சென்ற ஒரு பாதிரியார், மனோகர் தம் குலதெய்வத்தின் படிமத்துக்குக் கீழே அமர்ந்து விவிலியத்துக்கான எழுத்து வெட்டிக்கொண்டிருந்ததைச் சற்றே மனக்குறையுடன் எழுதி வைத்தார். எமக்கோ அக்காட்சி செராம்பூரின் இயல்பை நன்கு விளக்குவதாகத் தோன்றுகிறது. பிற்காலத்தில் அக்குடும்பத்தார் தம் சொந்த அச்சகத்தில் பஞ்சாங்கம் அச்சிட்டு விற்றனர்.

இனி 1807ஆம் ஆண்டு நிகழ்ச்சி. இசுலாத்தைப் பழித்ததாகக் கருதப்பட்ட ஒரு பாரசீகத் துண்டுநூல் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. தலைமை ஆளுநர் மின்டோவின் அரசு சினந்து, அச்சகம் கல்கத்தாவுக்குப் பெயர்க்கப்பட்டுத் தன் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும் என ஆணையிட்டது. பீயை அடுத்துவந்த ஆளுநர் கிரெஃப்டிங், டேனிய எல்லையில் உள்ள அச்சகத்தைப் பெயர்க்கச் சொல்ல ஆங்கிலேயர்க்கு உரிமை இல்லை என மறுத்தார். ஊழியர்கள் வருத்தம் தெரிவித்து, பின்வரும் நூல்களைக் காட்டிவிட்டு வெளியிட இசைந்தனர், ஆணை கைவிடப்பட்டது. அதே காலத்தில் ஐரோப்பாவில் ஆங்கிலக் கடற்படை கோபன்கேகனைத் தாக்கியிருந்தது. 1808 சனவரியில் செராம்பூர் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. 1815 வரை அவர்களிடமே இருந்தது. 1801இலும் ஒருமுறை சிறிது காலம் அவ்வாறு நேர்ந்ததுண்டு. ஆகவே டேனியக் கொடி அச்சகத்துக்கு நிழல் தந்த இன்றியமையாக் காலம் எட்டாண்டுகளே. அதற்குள் அது வேரூன்றிவிட்டமையால் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபின்னும் அதனை அழிக்கவில்லை.

இங்கு ஒரு தடை எழும். கேரி 1801 முதல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியின் ஆசிரியர். அச்சக நூல்கள் பலவற்றை விலை கொடுத்து வாங்கியது அக்கல்லூரி. அவர் ஊதியமும் மிஷனுக்கே சென்றது. அங்ஙனமாயின் அச்சகத்தை வளர்த்தது கம்பெனியன்றோ எனின், ஆம், அதுவும் உண்மை. பாதுகாப்பு மேல்கரையினது, பொருள் கீழ்கரையினது. படகேறி இருகரைக்கும் போய்வந்த கேரியின் வாழ்வே இதற்குச் சான்று. டேனிய அரசின் கல்விப் பற்றே இவற்றுக்கெல்லாம் காரணம் என்று கூறுதல் மிகைப்படக் கூறலாகும். அவ்வரசு செய்த பேருதவி, தடுக்காமல் இருந்தது.

தரங்கம்பாடியோடு ஒப்பிடின் இது மேலும் தெளிவாகும். 1620இல் இரகுநாத நாயக்கரிடம் பெற்ற அவ்வூரில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு செர்மானியர். அவரை விடுத்தவர் டேனிய அரசர். ஆயினும் அங்கிருந்த டேனிய ஆளுநரே அவரைச் சிறையிலிட்டார். செராம்பூரிலோ அரசர் அனுப்பாத ஆங்கிலேயரை ஆளுநர் காத்தார். ஈரூரிலும் அச்சு நடத்தியோர் டேனியரல்லர். தரங்கம்பாடியில் முதல் தமிழெழுத்து செர்மனியிலிருந்து வந்தது. பின்னர் உள்ளூரில் சிறிதாக வார்க்கப்பட்டது. பொறையாற்றில் காகித ஆலையும் எழுந்தது. செராம்பூரிலும் எழுத்துவார்ப்பும் காகிதமும் உள்ளூரிலேயே. 1820இல் காகித ஆலைக்கு நீராவிப் பொறியும் வந்தது.

கேரி தெலுங்குக்கு 1814இலும் கன்னடத்துக்கு 1817இலும் இலக்கணம் வெளியிட்டார், தமிழுக்கு எழுதவில்லை. சீகன்பால்கின் இலக்கணமும், தரங்கம்பாடியில் 1738இல் அச்சேறிய வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் முன்னரே இருந்தமையால் அத்தேவை எழவில்லை எனக் கருதலாம். ஆயினும் தமிழ் அங்கு அச்சேறாமல் இல்லை. 1812 மார்ச் 11ஆம் நாள் மாலை எழுந்த தீயில் அச்சகக் கூடம் எரிந்து, கேரியின் பன்மொழி அகராதிக் கையெழுத்தும் பல கீழைமொழி எழுத்துகளும் அழிந்தன. உருகிய உலோகத்தைத் திரட்டி எழுத்து மீண்டும் வார்க்கப்பட்டது. மறு ஆண்டே, 1813இல், பப்ரிசியுசு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு தென்னாட்டுக் கிறித்தவர்க்காகச் செராம்பூரில் அச்சாகியது.

1815க்குப் பின் ஊர் டேனியர்க்கு மீண்டதாயினும் வாணிகம் மீளவில்லை. அமைதி வந்தபின் நடுநிலைக் கொடிக்கு விலையில்லை. இலங்காசயர்த் துணி வந்து வங்காளத் துணியின் ஏற்றுமதியை ஒழித்தது. 1818இல் தோன்றிய கல்லூரிக்கு 1827 பிப்ரவரி 23ஆம் நாள் ஆறாம் பிரடெரிக் பட்டம் வழங்கும் உரிமைப்பட்டயம் அளித்தார். வார்டு 1823இலும், கேரி 1834இலும், மார்ஷ்மன் 1837இலும் மறைந்தனர். அச்சகமும் கடனால் 1837இல் முடிவுற்றது. 1845 பிப்ரவரி 22ஆம் நாள் உடன்படிக்கையால் தரங்கம்பாடி, செராம்பூர், பாலாசூர் நிலம் ஆகியவை 12½ இலட்சம் ரூபாய்க்குக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. செராம்பூரில் அக்டோபர் 11ஆம் நாளும் தரங்கம்பாடியில் நவம்பர் 7ஆம் நாளும் கொடி இறங்கியது.

எல்லைக்கோடு அழிந்ததும் ஊரின் தனித்தன்மையும் அழிந்தது. 1854இல் அவ்வழியே இருப்புப்பாதை வந்தது. 1855இல் அண்டையூரான ரிசுராவில் முதல் சணல் ஆலை எழுந்தது. செராம்பூரும் ஆலைப் புகைக்குள் அடங்கிய கல்கத்தாப் புறநகர்களுள் ஒன்றாயிற்று. புனித ஓலாவ் கோயில் பழுதுற்று, டென்மார்க்குத் தேசிய அருங்காட்சியகத்தாரின் துணையுடன் புதுக்கப்பெற்று 2016இல் மீண்டும் திறக்கப்பட்டது; பழைய விடுதி 2018இல் திறக்கப்பட்டது. இவை கண்ணாற் காணத்தக்க எச்சங்கள். காணவொண்ணா எச்சம் ஒன்றும் உண்டு. 1845 உடன்படிக்கையில் கல்லூரியின் பட்டயம் செல்லும் என ஒரு விதி எழுதப்பட்டிருந்தது. 1918இல் வங்காளச் சட்டம் ஒன்று அதனை உறுதிசெய்தது. அவ்வுரிமையைக் கொண்டே மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பயிலும் தமிழ் மாணவர்க்கு இன்றும் செராம்பூர்ப் பட்டம் வழங்கப்படுகின்றது.