பேரை எழுதினது யார்?

அயர்லாந்தில் பெண் பிள்ளைகளுக்கு வைக்கிற பேர் ஒன்று இருக்கு: நீவ். ஆங்கில எழுத்தில் பார்த்தால் ‘நியாம்’ என்றுதான் வாசிக்க வரும். கடைசியில் நிற்கிற ‘எம்’மும் ‘எச்’சும் சேர்ந்தால் ஐரிஷ் மொழியில் ‘வ்’ ஆகிடும். பொஸ்டனிலும் சிட்னியிலும் இருக்கிற ஐரிஷ் வம்சத்துக் குடும்பங்கள் பிள்ளைக்குப் பேர் தேடும்போது இதுதான் தலையிடி. பாட்டன் ஊர்ப் பேரும் வேணும், ஸ்கூல்ல டீச்சருக்கு அதைக் கூப்பிடவும் வரணும்.

கண்டிப் பக்கம் இருக்கிற எங்களுக்கு இது புதுசா? கயல்விழி, யாழினி என்று ஒரு பேரை வைத்துப் பாருங்க. சிங்களத்தில் ‘ழ’ இல்லை, அங்கே ‘ள’வோ ‘ல’வோ ஆகிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ்நாட்டுக்காரர்கள் ‘இசட் எச்’ போடுவாங்க, இலங்கையில் பெரும்பாலும் ஒற்றை ‘எல்’. பிள்ளை தொட்டிலில் கிடக்கும்போதே அதுக்கு மூணு பேர்.

உச்சரிப்பு சின்ன விஷயம்தான். பேரை வைக்கிறது வீடு, அதை எழுதுறது வேற ஆள். எழுதுகிற ஆள் கையில் என்ன அதிகாரம் இருந்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுது.

கண்டியில் இந்தக் கதை அரண்மனையில் இருந்தே தொடங்குது. 1739இல் நரேந்திரசிங்கன் இறந்தபோது பட்டத்துக்கு உரிய பிள்ளை இல்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்த அரசியின் தம்பி, நாயக்கர் குடும்பத்துக்காரர், ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பேரோடு சிம்மாசனம் ஏறினார். அவருக்குப் பிறகு கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன். 1798இல் கண்ணுசாமி என்ற இளைஞர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆனார். நாலு பேருக்கும் பட்டப்பேரில் சிங்கம். ஊருக்கு ஏற்ற பேர் போட்டால் ஊர் ஏற்றுக்கொள்ளும் என்ற கணக்கு, பல வருஷம் சரியாகத்தான் வேலை செய்தது.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் எழுதப்பட்டபோது அந்தக் கணக்கு உடைஞ்சது. ஒப்பந்தத்தின் முதல் பிரிவே அவரை ‘மலபார்’ ஆட்சியாளர் என்று குறிக்குது. 17 வருஷம் சுமந்த ராஜசிங்கன் என்ற பேரை ஒரே சொல்லில் தள்ளிட்டாங்க. அவர் 1832இல் வேலூரில் கைதியாகவே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று அவருக்கு நினைவிடம் இருக்கு. கண்டியில் வாவியைக் கட்டின மன்னர், வேலூரில் கண்டி ராஜா. எந்த ஊரிலும் கண்ணுசாமி இல்லை.

அரசர் போன பாதையில் கொஞ்ச காலத்தில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்தாங்க. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்ட பிறகு இன்னும் நிறையப் பேர். மாரியாயி, முனியாண்டி, காளியம்மா என்று குலசாமிப் பேர்களைத்தான் அவங்க கூடக் கொண்டு வந்தது. அந்தப் பேரை எழுதின புத்தகம் செக்ரோல். ஒரு நாள் வேலை செய்தால் அதில் ‘பேர்’ விழும். வேலை குறைஞ்சால் அரைப் பேர். தோட்டத்தில் ‘இன்னைக்குப் பேர் இல்லை’ என்றால் சம்பளம் இல்லை என்று அர்த்தம். பேர் என்ற சொல்லே கூலிக் கணக்காக மாறின இடம் வேற எங்கேயாவது இருக்குமா?

பிறகு 1948. பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போனது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. எத்தனை வருஷம் இந்த நாட்டில் இருந்தோம் என்று காகிதத்தால் காட்டணும். எழுதப் படிக்க வாய்ப்புக் கொடுக்காமல் வைத்திருந்த ஆட்களிடம்தான் இதைக் கேட்டாங்க என்பதை மறக்கக் கூடாது. ஒரு தாளில் முனியம்மா, இன்னொன்றில் முனியாயி என்று இருந்தால், ரெண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்கிற வேலையும் அந்த அம்மாவுக்குத்தான்.

அயர்லாந்திலும் எழுதுகிறவர் மொழி ஆங்கிலம்தான். 1864இல் எல்லாருக்கும் பிறப்புப் பதிவு வந்தபோது, வீட்டில் ‘டைக்’ என்று கூப்பிட்ட பையன் பதிவேட்டில் ‘டிமதி’ ஆவது சாதாரணம். 1892இல் டக்ளஸ் ஹைட் ஒரு உரையில் இந்தப் பேர் மாற்றத்தைக் கடுமையாகக் கண்டித்தார். கால் நூற்றாண்டுக்குள் தமிழ்நாட்டில் சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். அந்தக் காற்று மலைக்கும் ஏறியது. இலங்கை திராவிட முன்னேற்றக் கழகத்தை நடத்தின இளஞ்செழியன் பேரிலேயே அது தெரியும். லயத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அன்பழகன், தமிழ்ச்செல்வி என்று பேர் வந்தது. குலசாமிப் பேர் என்றால் சாதி வரைக்கும் விசாரிப்பாங்க; செல்வியிடம் அதைக் கேட்க முடியாது. தாங்களே தேர்ந்தெடுத்த பேர் என்பதால் எங்களுக்கு அந்தத் தலைமுறை மேல் தனி மரியாதை. ஆனா அதிலும் ‘ழ’ இருந்தது, பதிவாளர் மேசையும் அப்படியேதான் இருந்தது.

கண்டியில் 1972இல் பிறந்த ஒருவர் பேரை உலகமே எழுதியிருக்கு. அவருடைய பாட்டன் 1920இல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். முரளிதரன் என்று தமிழில் எழுதினால் ஒரு குழப்பமும் இல்லை. நடுவில் நிற்கிற ‘த’ மெதுவாகத்தான் ஒலிக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அதுக்கு ‘டி’ போடுவதா, ‘டி எச்’ போடுவதா? இலங்கை வழக்கப்படி ‘டி எச்’ விழுந்தது, ஸ்கோர் அட்டைகளும் அதையே பிடிச்சுக்கிட்டது. அவர் விரும்பினது வேற ‘டி’, ‘டேவிட்’டில் வருகிற ‘டி’. 2007இல் அவுஸ்திரேலியாவும் இலங்கையும் ஆடுகிற டெஸ்ட் தொடருக்கு வோர்ன்–முரளிதரன் கிண்ணம் என்று பேர் வைத்தபோது அவர் விருப்பப்படியே எழுதினாங்க. 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டை எடுத்தார். கிண்ணத்தில் ஒரு எழுத்து, பல சாதனைப் பட்டியல்களில் இன்னும் மற்ற எழுத்து.