புகாபுகாவின் கடைக்காரர்

1856இல் அமெரிக்க நாடாளுமன்றம் விசித்திரமானதொரு சட்டத்தை இயற்றியது. கடற்பறவைகளின் எச்சம் படிந்து கிடக்கும் தீவு ஒன்றை அமெரிக்கக் குடிமகன் எவரேனும் கண்டடைந்து, அது வேறெந்த அரசின் ஆளுகையிலும் இல்லையெனில், அதனை அமெரிக்காவுக்கு உரியதாகக் கருதலாம் என்றது அச்சட்டம். பறவை எச்சம் அன்று விலையுயர்ந்த உரம். வணிகர்கள் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு பசிபிக்கின் புள்ளிகளை ஒவ்வொன்றாக உரிமைப் பட்டியலில் ஏற்றினார்கள். அவ்வாறு ஏறிய பெயர்களுள் ஒன்று புகாபுகா. பல நூற்றாண்டுகளாக அங்கே மனிதர்கள் வாழ்ந்துவந்தார்கள் என்பது பட்டியலிட்டவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. பின்னர் 1892இல் பிரிட்டன் வந்தது. 1901இல் நியூசிலாந்து வந்தது. அமெரிக்கா தனது காகித உரிமையைக் கைவிட்டதோ 1980இல், குக் தீவுகளுடன் செய்துகொண்ட கடலெல்லை உடன்படிக்கையின்போதுதான்.

ஆகவே, 1924இல் ராபர்ட் டீன் ஃப்ரிஸ்பி என்ற அமெரிக்க இளைஞர் அந்தப் பவழத்தீவில் கரையிறங்கியபோது, தமது நாட்டின் ஆவணங்களில் ஏற்கனவே இடம்பெற்றிருந்த ஓரிடத்துக்கே வந்து சேர்ந்தார் என்று சொல்லவேண்டும். அவர் எண்ணி வந்தது வேறு. அமெரிக்காவின் நிழலே விழாத ஓரிடத்தைத் தேடித்தான் அவர் புறப்பட்டிருந்தார்.

ஃப்ரிஸ்பி 1896இல் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தவர். முதல் உலகப்போர்க் காலத்தில் இராணுவத்தில் சேர்ந்து, உடல்நலக் குறைவால் விடுவிக்கப்பட்டவர். சிறியதொரு ஓய்வூதியம் கிடைத்தது. 1920இல் தஹிதிக்குக் கப்பலேறினார். அதே ஆண்டில் அங்கு வந்து சேர்ந்த வேறு இரு அமெரிக்கர்கள் சார்லஸ் நார்ட்ஹாஃபும் ஜேம்ஸ் நார்மன் ஹாலும். 'மியூட்டினி ஆன் த பவுண்டி' நாவலைப் பின்னாளில் இணைந்து எழுதியவர்கள் இவர்களே. ஹால், ஃப்ரிஸ்பிக்கு நண்பராகவும் எழுத்தில் ஊக்குவிப்பவராகவும் வாய்த்தார். ஆனால் தஹிதியும் ஃப்ரிஸ்பிக்கு இரைச்சலாகவே பட்டது. இன்னும் தொலைவு, இன்னும் தனிமை என்று தேடிப்போய், ஏ.பி. டொனால்ட் என்னும் வணிக நிறுவனத்தின் முகவராகப் புகாபுகாவில் கடை வைத்தார்.

ரரோடோங்காவிலிருந்து வடமேற்கே சுமார் 1,300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அத்தீவு. நிலப்பரப்பு ஏறத்தாழ மூன்று சதுர கிலோமீட்டர். மூன்று ஊர்கள், சில நூறு மக்கள். கொப்பரை கொடுத்து மாவும் துணியும் புகையிலையும் வாங்கும் கடை. எப்போதோ வரும் பாய்மரக் கப்பல். இடைப்பட்ட மாதங்களில் வெளியுலகமே இல்லை. பகலில் உறங்கி இரவில் மீன்பிடிக்கும் மனிதர்களோடு தாமும் அவ்வாறே வாழ்ந்து, அதைக் கட்டுரைகளாக எழுதி 'அட்லாண்டிக் மன்த்லி' இதழுக்கு அனுப்பினார். 1929இல் அவை 'த புக் ஆஃப் புகா-புகா' என்ற நூலாயின. தென்கடலைப் பற்றிய அமெரிக்க எழுத்தில் மிக நல்ல நூல்களுள் அது ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. நகைச்சுவை உண்டு, அண்டை வீட்டாரின் பலவீனங்களைப் போலவே தம்முடைய பலவீனங்களையும் காணும் கண் உண்டு.

எனினும் அந்நூலை ஒட்டி எழும் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலவில்லை. காலமே இல்லாத தீவு என்று ஒன்று இருந்ததா?

சில நூற்றாண்டுகளுக்கு முன் பேரலை ஒன்று புகாபுகாவை அடித்துச் சென்றதாகவும், எஞ்சிய சொற்பமான குடும்பங்களிலிருந்தே இன்றைய மக்கள் பெருகியதாகவும் அவர்களது வாய்மொழி மரபு கூறுகிறது. 1857இல் கிறித்தவப் போதகர்கள் வந்தார்கள். 1863இல் பெரு நாட்டிற்குக் கூலியாட்களைப் பிடிக்கும் கப்பல்கள் வந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றன, பெரும்பாலோர் திரும்பவேயில்லை. (ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களில் வாடிய நம் பெண்களை எண்ணிப் பாரதி பாடினானே, அதே கடலின் கதைதான் இதுவும்.) ஃப்ரிஸ்பி வந்திறங்கியபோது, அந்தக் கப்பல்களைக் கண்ணால் கண்ட முதியவர்கள் இருந்திருக்கக்கூடிய காலம்தான், அறுபது ஆண்டுகளே கடந்திருந்தன.

மற்றொன்று. சோம்பலாக வெளியார் கண்ட வாழ்வுக்குள் கடுமையானதோர் ஒழுங்கு இருந்தது. ஒவ்வோர் ஊருக்கும் பொதுவான ஒதுக்குநிலம் உண்டு. குறிப்பிட்ட காலம் வரை அதற்குள் எவரும் நுழையலாகாது; காவலும் உண்டு. திறக்கும் நாளில் தேங்காயும் பறவையும் தலைக்கு இவ்வளவு என்று பங்கிடப்படும். குழந்தைக்கும் பங்கு உண்டு. குழிகளில் சேப்பங்கிழங்கு பயிரிடுவது பெண்களின் வேலை. 1934-35இல் அங்கே தங்கி ஆய்வு செய்த ஏர்னஸ்ட், பேர்ல் பீகிள்ஹோல் தம்பதியர் இவற்றையெல்லாம் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். மூன்று சதுர கிலோமீட்டரில் பட்டினியின்றி வாழ்வதற்குக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கின் மேல்தான் ஃப்ரிஸ்பியின் ஓய்வு அமர்ந்திருந்தது. கடையின் வருமானம் ஆக்லாந்தின் கொப்பரைச் சந்தையிலிருந்து வந்தது. எழுத்தின் வருமானம் பாஸ்டனிலிருந்து. நாகரிகத்தை விட்டு ஓடியவருக்கு நாகரிகமே சோறு போட்டது என்று ஏளனமாகச் சொல்லிவிடலாம்தான். அது அவருக்கு நியாயம் செய்வதாகாது. ஏனெனில் அவர் நிலம் சேர்க்கவில்லை. ஈலை ஜென்னிங்ஸ் என்ற மற்றோர் அமெரிக்கர் 1856இல் சமோவா மனைவியோடு ஸ்வெய்ன்ஸ் தீவில் குடியேறி, தென்னந்தோப்பு வளர்த்து, தீவையே குடும்பச் சொத்தாக்கினார். 1925இல் அமெரிக்கா அதனைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. குக் தீவுகளிலோ பூர்வகுடிகளின் நிலத்தை விற்க 1915ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருந்தது. குத்தகைக்கு மட்டுமே இடமுண்டு. இன்றளவும் அதுவே நடைமுறை. ஃப்ரிஸ்பி சேர்த்தது உறவை.

புகாபுகாவின் நாடோகோருவா என்ற பெண்ணை மணந்தார். ஐந்து குழந்தைகள். 1939இல் அவள் காசநோயால் இறந்தாள். தீவுகளுக்குக் கப்பல்களோடு வந்து சேர்ந்த நோய்களுள் அதுவும் ஒன்று.

மனைவியை இழந்தபின் பிள்ளைகள் நால்வரோடு சுவாரோவ் என்ற, நிலையான குடிகளற்ற பவழத்தீவுக்குச் சென்றார். 1942 பிப்ரவரியில் அங்கே பெரும்புயல் வீசியது. அலைகள் தீவின் குறுக்கே ஓடத் தொடங்கியபோது, குழந்தைகளைத் தமானு மரங்களில் கயிற்றால் கட்டிவைத்துக் காப்பாற்றினார். தமானு என்பது வேறொன்றுமில்லை. நம் நெய்தல் நிலத்துப் புன்னை. சிறு தீவுகள் பலவும் கடலோடு போய்விட, அவர்கள் பிழைத்தார்கள். இந்நிகழ்ச்சி 1944இல் வெளிவந்த 'த ஐலண்ட் ஆஃப் டிசையர்' நூலில் உள்ளது. படிக்கையில் தந்தையின் தீரம் வியக்கவைக்கிறது. தாயற்ற குழந்தைகளை அங்கே கொண்டுபோனது யாருடைய கனவுக்காக என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

அதே மாதத்தில், ஃப்ரிஸ்பி இல்லாத புகாபுகாவில் மூன்று அமெரிக்கர்கள் கரையொதுங்கினார்கள். எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கிய விமானத்தின் கடற்படை வீரர்கள். ரப்பர்ப் படகில் 34 நாட்கள் மிதந்து வந்தவர்கள். தீவினர் அவர்களுக்கு உணவளித்துத் தேற்றினார்கள். ஒதுக்குநிலத்தில் பங்கில்லாதவர்களுக்கும் சோறு இருந்தது.

ஃப்ரிஸ்பியின் உடல் அதற்குப்பின் தேறவில்லை. போர்க்காலத்தில் பென்ரின் தீவில் கடும் நோயுற்றுக் கிடந்தவரை அமெரிக்க சமோவாவின் மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற கடற்படை அதிகாரி ஜேம்ஸ் மிச்செனர். பின்னாளில் தென்கடலை வைத்தே புகழ்பெற்ற அதே நாவலாசிரியர். ஆக, தப்பியோடியவரை இறுதியில் அவரது நாடே வந்து தூக்கிச் சென்றது. அவர் மீண்டும் தீவுகளுக்கே திரும்பினார். 1948இல் ரரோடோங்காவில் வில்வாத ஜன்னியால் இறந்தார். வயது 52. அவாருவா தேவாலய வளாகத்தில் புதைக்கப்பட்டார்.

அதே ஆண்டில் நியூயார்க்கில் மற்றொரு நூல் வெளிவந்தது. அவர் மகள் ஃப்ளாரன்ஸ், 'ஜானி' என்று அழைக்கப்பட்டவள், 1932இல் பிறந்தவள், தன் கதையைத் தானே எழுதியிருந்தாள். புகாபுகா மொழி, ரரோடோங்கா மொழி, ஆங்கிலம் என மூன்றும் கலந்து அவள் எழுதியதைத் தந்தை செம்மைசெய்து ஆங்கிலமாக்கியிருந்தார். பசிபிக் தீவுப் பெண்ணொருத்தியின் பெயரில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகிறது. தலைப்பு: 'மிஸ் யுலிஸிஸ் ஃப்ரம் புகா-புகா'. தந்தை சொல்லித்தந்த ஹோமரின் கதையில் அவள் தன்னைப் பெனலோப்பியாக எண்ணவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அலைபவனாக, யுலிஸிஸாகவே எண்ணிக்கொண்டாள். தந்தையின் நூல்களில் தீவு என்பது வந்து சேரும் இடம். மகளின் நூலில் அது புறப்படும் இடம்.

தீவு பின்னாளில் அவள் வழியையே பின்பற்றியது. குக் தீவுகள் 1965இல் தன்னாட்சி பெற்றன. மக்கள் நியூசிலாந்துக் குடியுரிமையும் உடையவர்கள். வேலைக்கென ஆக்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றோர் பலர். 2005இல் 'பெர்சி' புயல் சேப்பங்கிழங்குக் குழிகளில் உப்புநீரை நிரப்பியது. மேலும் பலர் வெளியேறினார்கள். 2016 கணக்கெடுப்பில் புகாபுகாவில் இருந்தவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர். எஞ்சியவர்கள் ஒதுக்குநிலத்தைப் பங்கிட்டுத்தான் வாழ்கிறார்கள்.